குதிரை லத்தி எருவாகாமல் வெளுத்துப் போகிறது, வழி சொல்லுங்கள்

நாங்குநேரிப் புஞ்சை | ஜூன் 14

வணக்கம். நாங்குநேரிக்குத் தெற்கே எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் செம்மண் புஞ்சை இருக்கிறது. முப்பது தென்னை, நூறு வாழை, வீட்டுச் செலவுக்குக் கத்தரியும் வெண்டையும். அப்பா இருந்த வரையில் தொழுவில் மாடுகள் நின்றன. இப்போது மாடு இல்லை. அதே தொழுவில் இரண்டு குதிரைகள் நிற்கின்றன. ஒன்று வண்டிப் பந்தயத்தில் ஓடி ஓய்ந்த பெட்டை, மற்றது அதன் குட்டி, நான்கு வயது ஆகிறது.

தினமும் காலையில் இரண்டு கடகப்பெட்டி லத்தியும் ஈர வைக்கோலும் சேர்கின்றன. அப்பா மாட்டுக் குப்பையைக் கொட்டிய அதே வேப்பமரத்து மூட்டில் எட்டு மாதமாகக் கொட்டி வருகிறேன். மாட்டுக் குப்பை என்றால் இந்நேரம் கறுத்து, கையில் எடுத்தால் மண்வாசம் அடிக்கும். போன வாரம் மண்வெட்டியால் இதை வெட்டிப் பார்த்தேன். உள்ளே சாம்பல் பூசியது போல ஒரே வெள்ளை. ஈரமே இல்லை. உமி போலக் கனமற்று இருக்கிறது. மேலே கிடக்கும் புது லத்தியில் மட்டும் ஈ மொய்க்கிறது. பக்கத்து வீட்டுச் சித்தி நேரில் வந்து, "சோற்றுப் பானையைத் திறந்து வைக்க முடியவில்லை ஐயா" என்று வருத்தப்பட்டுச் சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் சொன்னதில் தவறில்லை.

இன்னொன்று. பங்குனியில் புது லத்தி நான்கு கடகம் கத்தரிப் பாத்தியில் போட்டேன். பத்து நாளில் இலை ஓரம் கருகியது. அதன் பிறகு பாத்தி முழுக்கச் சீமைக்கருவேலங்கன்று முளைத்தது. பிடுங்கிப் பிடுங்கிக் கை புண்ணாகிவிட்டது.

குழி வெட்ட வேண்டுமா, குவியலே போதுமா, எதைக் கலப்பது? இதைச் செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவி.

சேரன்மகாதேவி நன்செய் | ஜூன் 14

தம்பி, உங்கள் லத்தி கெட்டுப்போகவில்லை. வெந்து காய்ந்துவிட்டது.

மாடு தின்றதை அசைபோட்டு, நான்கு அறை வயிற்றில் ஊறவைத்து, கூழாக்கித் தள்ளுகிறது. சாணம் பசை போல ஒட்டிக்கொள்ளும், காற்று எளிதில் புகாது, மெல்ல மட்கும். குதிரை அசைபோடாது. அதற்கு ஒரே இரைப்பை. நார் எல்லாம் பின்குடலில்தான் நொதிக்கிறது, நிறைய நார் அப்படியே வெளியே வந்துவிடுகிறது. உருண்டை உருண்டையாக விழும் லத்திக்கு நடுவே காற்று தாராளமாகப் போய்வரும். காற்று கிடைத்த நுண்ணுயிர் வேகமாகப் பெருகும், சூடு ஏறும். மூன்றாம் நாள் குவியலுக்குள் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் ஈரம் ஆவியாகிப் போகிறது. ஈரம் தீர்ந்ததும் மட்கும் வேலை நின்றுவிடுகிறது. நீங்கள் கண்ட வெள்ளை, சூடு தாங்கும் ஆக்டினோமைசீட்ஸ் என்ற நுண்ணுயிர் படர்ந்த தடம். அதனால் கெடுதல் இல்லை. ஆனால் குவியல் முழுதும் வெளுத்து உலர்ந்திருந்தால், தழைச்சத்தில் ஒரு பங்கு அம்மோனியாவாகக் காற்றில் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அதுவும் உங்கள் ஊர். ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற மேல்காற்று காற்றாலையையே சுழற்றுகிற காற்று. திறந்து கிடக்கும் குவியலில் அது ஒரு சொட்டு ஈரம் விட்டுவைக்காது. அப்பாவின் சாணக் குப்பை அதே மரத்து மூட்டில் தாக்குப்பிடித்தது, அது தன் ஈரத்தை மேலே ஒரு தோல் போலக் கட்டிக் காத்துக்கொண்டதால். லத்திக்கு அந்தத் தோல் கிடையாது. தண்ணீரும் மூடாக்கும் நாம்தான் கொடுக்க வேண்டும்.

அளவைக் கணக்குப் பார்த்துவிடலாம். குதிரையின் உடல் எடை 100 கிலோவுக்கு நாளொன்றுக்கு லத்தியும் மூத்திரமும் சேர்த்து ஏறக்குறைய 5 கிலோ வரும். உங்கள் குதிரைகள் 350 கிலோ என்று வைத்தால், இரண்டும் சேர்ந்து நாளைக்கு 35 கிலோ. வருடத்துக்கு 12 டன்னுக்கு மேல், வைக்கோல் தனி. மட்கி முடியும்போது எடை பாதியாகும். 6 டன் எரு மிஞ்சும். ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் என்பது நம் வேளாண் துறையின் வழக்கமான பரிந்துரை. உங்கள் ஒன்றரை ஏக்கருக்கு இந்த இரண்டு குதிரைகளே ஏறக்குறைய முழு எருவும் கொடுக்கும். இதை நீங்கள் வேப்பமரத்து மூட்டில் காற்றுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதுதான் எனக்கு வருத்தம்.

மார்க்கோ போலோ காயல் துறையைப் பற்றி எழுதும்போது, ஹார்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரை ஏற்றிய கப்பல்கள் அங்கே வந்து தங்கின என்கிறார். பாண்டியர் காலத்தில் அவ்வளவு குதிரை இறங்கிய சீமை இது. இருந்தும் லத்தியை எருவாக்கும் பக்குவம் நம் வாய்வழக்கில் தங்கவில்லை. குதிரை அரண்மனைச் சொத்தாக இருந்தது, மாடுதான் சம்சாரியின் வீட்டில் நின்றது என்பதுதான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

பாளை மாடித்தோட்டம் | ஜூன் 14

நல்ல எரு ஆனதும் எனக்கு இரண்டு சாக்கு வேண்டும். பாளையங்கோட்டையில் மாடித்தோட்டம் வைத்திருக்கிறேன். தென்னைநார்க் கழிவோடு கலக்க, கனமில்லாத எரு தேடிக்கொண்டிருக்கிறேன். வந்து எடுத்துக்கொள்கிறேன்.

மானூர்க் கரிசல் | ஜூன் 15

எங்கள் பக்கம் எல்லாம் குழிதான். குழிக்குள் போட்டு மேலே மண்ணைத் தள்ளிவிட்டால் காற்றும் அண்டாது, வெயிலும் படாது. நாங்குநேரிக் காற்றுக்கு அதைவிட வேறு என்ன வேண்டும்? ஈக்கு ஒரு கை சுண்ணாம்பு, அடுப்புச் சாம்பல் இரண்டு கூடை. என் பாட்டனார் காலம் தொட்டு இப்படித்தான் நடக்கிறது.

அப்புறம், பச்சையாகப் போடவே கூடாது என்று யாராவது சொல்ல வருவார்கள். அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பந்தயக் குதிரை வைத்திருந்த வீட்டிலிருந்து வண்டி வண்டியாகப் பச்சை லத்தியை வாங்கிக் கரிசலில் இறைத்து உழுதிருக்கிறோம். மழைக்குப் பின் விதைத்த பருத்தியும் உளுந்தும் சோடை போகவில்லை.

சேரன்மகாதேவி நன்செய் | ஜூன் 15

அண்ணாச்சி, குழியைப் பற்றி நீங்கள் சொல்வதில் பாதியை ஏற்கிறேன். சுண்ணாம்பை ஏற்க முடியாது.

சுண்ணாம்பும் சாம்பலும் காரம். காரம் பட்டதும் லத்தியிலும் மூத்திரத்திலும் இருக்கிற தழைச்சத்து அம்மோனியாவாகிக் கிளம்பிவிடும். சுண்ணாம்பு தூவியதும் மூக்கில் ஏறுகிற நெடி இருக்கிறதே, அது உரம் வெளியேறுகிற நெடி. ஈரமும் நெடியும் குறைய வேண்டுமென்றால் ஜிப்சமோ சூப்பர் பாஸ்பேட்டோ தூவலாம், அவை அம்மோனியாவைப் பிடித்து வைக்கும். சாம்பலை வீணாக்க வேண்டாம், மட்கி முடிந்த எருவோடு வயலில் போடும் நாளில் தனியாகத் தூவுங்கள்.

குழி கோடையில் நல்லது. 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆங்கிலேய வேளாண் அறிஞர் ஆல்பர்ட் ஹோவர்ட் மட்குரம் செய்து பார்த்தபோதும் வறண்ட மாதங்களில் ஆழமில்லாத குழி, மழைக்காலத்தில் தரைக்கு மேல் குவியல் என்றுதான் வைத்தார். நம் ஊரில் ஐப்பசி கார்த்திகையில் குழி நிறைந்தால் என்ன ஆகும்? 2023 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் தெருவில் நான்கு எருக்குழிகள் குளமாகி நின்றன. தண்ணீர் வடிந்த பிறகு தோண்டியெடுத்தது எருவாக இல்லை. முட்டை அழுகிய நாற்றத்தோடு கறுப்புச் சேறாக இருந்தது. அதோடு நாங்குநேரித் தம்பி கிணற்றையும் பார்க்க வேண்டும். வேப்பமரத்துக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம்? முப்பது மீட்டராவது விலகி, கிணற்றைவிடத் தாழ்ந்த பக்கத்தில் இருக்க வேண்டும். குழியில் ஊறும் சாறு நேரே ஊற்றுக்குப் போகும்.

கால்நடை மருத்துவர், ஓய்வு | ஜூன் 16

இழையைப் படித்தேன். எருவைப் பற்றி மற்றவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்கிறார்கள். நான் குதிரையின் பக்கத்திலிருந்தும் அள்ளுகிறவரின் பக்கத்திலிருந்தும் சிலவற்றைச் சொல்ல வேண்டும்.

முதலில் உங்கள் கை. லத்தியிலும் லாயத்து மண்ணிலும் ரணஜன்னி (டெட்டனஸ்) உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கும். குதிரையின் குடலில் அது சாதாரணமாகவே குடியிருக்கிறது. சூடேறி மட்கினாலும் அந்த வித்துகள் எல்லாம் அழிந்துவிடும் என்று நம்ப முடியாது. கருவேலங்கன்று பிடுங்கிக் கை புண்ணானது என்று எழுதியிருக்கிறீர்கள். கடைசியாகத் தடுப்பூசி போட்டு எத்தனை ஆண்டு ஆகிறது? பத்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் போட வேண்டும். அழுக்குப் பட்ட ஆழமான காயம் என்றால் ஐந்து ஆண்டு தாண்டியிருந்தாலே போட்டுக்கொள்ள வேண்டும். கையுறையும் மூடிய செருப்பும் இல்லாமல் குவியலில் இறங்காதீர்கள். குதிரைகளுக்கும் ரணஜன்னித் தடுப்பூசி தவறக் கூடாது. கால்நடைகளில் இந்த நோய்க்கு மிக எளிதாக ஆட்படுவது குதிரைதான்.

அடுத்தது ஈ. வெயில் காலத்தில் வீட்டு ஈ முட்டையிலிருந்து பறக்கும் ஈயாவதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே எந்த லத்தியும் ஒரு வாரத்துக்கு மேல் சூடேறாமல் சும்மா கிடக்கக் கூடாது. அந்த ஒரு கணக்கைப் பிடித்துக்கொண்டால் மருந்து தெளிக்க வேண்டிய தேவையே வராது. குதிரையின் காலில் உட்கார்ந்து இரத்தம் குடிக்கும் கடிஈ வேறு. அது மூத்திரம் ஊறிய வைக்கோலில்தான் பெருகும், ஆகவே தொழுவின் மூலைகளைச் சுரண்டி எடுக்க வேண்டும். இன்னொரு தொல்லையும் உண்டு. குதிரை வயிற்றில் வாழும் ஒருவகைப் புழுவின் குஞ்சுகள் லத்தியில் வளரும் ஈப்புழுவுக்குள் புகுந்து, பிறகு ஈயோடு பறந்து வந்து குதிரையின் புண்ணில் இறங்கிவிடும். கோடையில் ஆறாமல் சதை வளர்ந்து நிற்கும் புண்களில் பல இதனால் வருபவை. சித்தியின் சோற்றுப் பானைக்காக மட்டுமல்ல, உங்கள் பெட்டைக் குதிரைக்காகவும் ஈயை ஒழிக்க வேண்டும்.

குடற்புழுவுக்கு ஐவர்மெக்டின் கொடுத்தால் மருந்தில் பெரும்பகுதி லத்தியோடு வெளியே வரும். முதல் இரண்டு வாரத்து லத்தியை நேராக நிலத்தில் போடாதீர்கள், சாணவண்டின் புழுக்களை அது கொல்லும். சூட்டுக் குவியலுக்குள் போய்விட்டால் மருந்து சிதைந்துவிடும். குதிரை மேய்கிற புல்லில் பச்சை லத்தியை இறைப்பதும் வேண்டாம், கொட்டிய புழுவைத் திரும்ப அதன் வாயிலேயே கொடுப்பதாகும். மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய லத்தியைப் பரிசோதித்து முட்டையை எண்ணிப் பார்க்கலாம். இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, உங்களுக்குத் தொலைவில்லை.

சீமைக்கருவேலம் முளைப்பதன் காரணம் எளிது. குதிரை நெற்றைத் தின்கிறது. விதை ஓடு உடையாமல் குடலைக் கடந்து, எருவோடு சேர்ந்து விதைக்கப்படுகிறது. நெற்று அதிகமானால் குடல் அடைத்து வயிற்றுவலியும் வரும். மேய்ச்சல் ஓரத்து மரங்களை நெற்று விழும் முன் வெட்டிவிடுங்கள்.

மூக்கில் சளியும் தோலில் கட்டிகளும் உள்ள குதிரையின் லத்தியை எருவாக்கவே கூடாது. அது கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம், மனிதருக்கும் தொற்றும். உடனே அரசுக் கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

ராதாபுரம் தென்னை | ஜூன் 16

தென்னை முப்பது என்று எழுதியிருக்கிறீர்கள், ஆகவே சொல்கிறேன். திறந்த எருக்குழி என்பது காண்டாமிருக வண்டுக்குப் பிரசவ அறை. வண்டு குப்பையில் முட்டையிடும், வெள்ளைப் புழு அங்கேயே தின்று கொழுக்கும், வண்டானதும் உங்கள் தென்னையின் குருத்தைத் துளைக்கும். விரிந்த ஓலை கத்தரியால் வெட்டியது போல முக்கோணமாக இருந்தால் வண்டு வந்துவிட்டது என்று பொருள். ஒவ்வொரு முறை புரட்டும்போதும் விரல் பருமனில் சுருண்டு கிடக்கும் வெள்ளைப் புழுக்களைப் பொறுக்குங்கள். கோழி இருந்தால் புரட்டும் நேரத்தில் அவிழ்த்துவிடுங்கள், ஒன்று விடாமல் தின்றுவிடும். மெட்டாரைசியம் என்ற பச்சைப் பூஞ்சையை எருக்குழியில் கலப்பதும் நல்ல பலன் தருகிறது. சூடு தணிந்த பிறகு கலக்க வேண்டும், கொதிக்கிற குவியலில் போட்டால் பூஞ்சை செத்துவிடும்.

இன்னொரு விஷயம், உங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்படி? எங்கள் பக்கம் போல உவர்ப்பாக இருந்தால் அதையே மாதக்கணக்கில் குவியலுக்கு ஊற்றாதீர்கள். தண்ணீர் ஆவியாகும், உப்பு தங்கிவிடும். கத்தரி நாற்று அந்த எருவில் எழும்பாது. நான் ஒரு வருடம் அப்படிச் செய்து இரண்டு பாத்தி நாற்றை இழந்தேன்.

நாங்குநேரிப் புஞ்சை | ஜூன் 17

எல்லோருக்கும் நன்றி. நேற்றே தடுப்பூசி போட்டுக்கொண்டேன் ஐயா, பதினான்கு ஆண்டு ஆகியிருந்தது. கிணற்றிலிருந்து வேப்பமரம் பன்னிரண்டு அடிதான். இடத்தை மாற்றுகிறேன். தண்ணீர் குடிக்கும்படி இருக்கிறது, உவர்ப்பு இல்லை.

எனக்கு இரண்டு சந்தேகம். தண்ணீர் எவ்வளவு ஊற்ற வேண்டும் என்று எப்படித் தெரியும்? சூடு பார்க்க என்னிடம் வெப்பமானி இல்லை. பழைய வெள்ளைக் குவியலை என்ன செய்வது? காலையில் ஒரு மணி நேரம்தான் எனக்கு இதற்குக் கிடைக்கும், ஆள் வைக்க முடியாது.

களக்காட்டு வாழை | ஜூன் 17

தம்பி, நான் குதிரை வளர்க்கவில்லை. ஆனால் மலையடிவாரத்துத் தோப்பு ஒன்றில் நிற்கும் மூன்று குதிரைகளின் லத்தியை ஆறு வருடமாக எங்கள் வாழைக்கு எடுத்துவருகிறேன். தனி ஆளாகத்தான் செய்கிறேன். செய்கிற விதத்தை அப்படியே எழுதுகிறேன்.

நிழலான, தண்ணீர் தேங்காத மேடு பாருங்கள். தென்னை மட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பி அதன் மேல் தொடங்குங்கள், அடியில் காற்று நுழையும். ஒரு சாண் லத்தி. அதன் மேல் அரைச் சாண் வாழைத்தண்டு, தார் வெட்டிய மரத்தை அரிவாளால் சின்னச் சின்னதாகக் கொத்தியது. வாழைத்தண்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர்தான். நீங்கள் வாளியில் ஊற்றுகிற தண்ணீர் லத்தியின் இடுக்கு வழியாக ஓடி அடியில் நிற்கும். வாழைத்தண்டின் தண்ணீர் அப்படி ஓடாமல் சிறிது சிறிதாகக் கசிந்து ஊறும். உங்களிடம் நூறு வாழை இருக்கிறது, இதற்கு நீங்கள் எங்கேயும் போக வேண்டாம். கூன்வண்டு துளைத்த மரம் என்றால் இன்னும் பொடியாகக் கொத்துங்கள், முழுசாகப் போட்டால் வண்டு அதிலேயே பிழைத்துக்கொள்ளும்.

மேலே சாணிக் கரைசல். மாடு இல்லையென்றால் பக்கத்தில் ஒரு கடகம் வாங்கி ஒரு குடத்தில் கரையுங்கள், வாரத்துக்கு அவ்வளவு போதும். பிறகு ஏறி நின்று மிதியுங்கள். லத்திக் குவியலில் பலர் விடும் வேலை இதுதான். மாட்டுச் சாணத்தை மிதித்தால் காற்று செத்துவிடும். லத்தியோ மிதிக்காவிட்டால் காற்று மிஞ்சி எரிந்துவிடும். குழைய மிதிக்க வேண்டாம், பாதம் நாலு விரல் அளவு இறங்கினால் சரி. இப்படி அடுக்கடுக்காக இடுப்பைத் தாண்டி நெஞ்சு உயரம் வரை. அகலம் நாலு ஐந்து அடி. ஒரு கன மீட்டருக்குக் குறைந்தால் சூடு நிற்காது. உங்கள் இரண்டு குதிரையின் ஒரு வாரத்து லத்தியும் தண்டும் சேர்ந்தால் அந்த அளவு வந்துவிடும். ஆகவே ஒரு வாரம் சேருங்கள், எட்டாம் நாள் அடுக்குங்கள். சேரும் நாட்களில் அன்றன்றைக்கு மேலே வாழைச் சருகால் மூடிவிட்டால் ஈக்கு இறங்க இடம் இல்லை.

அடுக்கி முடித்ததும் சருகு, அதன் மேல் தென்னங்கீற்று. மேல்காற்று அடிக்கும் பக்கம் ஒரு ஓலைத் தட்டி கட்டுங்கள்.

ஈரத்துக்கு ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்கில் ஒரு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும், விழக்கூடாது. கையை விரித்தால் உருண்டை உடையாமல் நிற்க வேண்டும். சூட்டுக்கு ஒரு கம்பி போதும், கட்டிட வேலைக்கு வாங்கிய மிச்சக் கம்பியைக் குவியலின் நடுவில் சொருகி வையுங்கள். காலையில் உருவி, உள்ளே இருந்த நுனியைப் பிடியுங்கள். பிடிக்க முடியாமல் கையை எடுத்துவிட்டால் 55 டிகிரிக்கு மேல் போயிருக்கிறது. விதையும் புழு முட்டையும் சாக அந்தச் சூடு மூன்று நாளாவது நிற்க வேண்டும். ஆனால் அது நடுவில் மட்டும்தான் இருக்கும். ஓரம் குளிர்ந்தே கிடக்கும். கருவேல விதை அந்த ஓரத்தில் கிடந்தால் ஒன்றும் ஆகாது. ஆகவே எட்டு நாளைக்கு ஒருமுறை புரட்டும்போது ஓரத்தை நடுவுக்கும் நடுவை ஓரத்துக்கும் மாற்றிப் போடுங்கள். நான்கு ஐந்து முறை அப்படிப் புரட்டினால் பிறகு சூடேறாது. அப்போது தொடாமல் இரண்டு மாதம் விட்டுவிடுங்கள். புழு வர வேண்டுமானால் தானே வரும்.

பழைய வெள்ளைக் குவியலைத் தூக்கி எறியாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் புது அடுக்குகளில் லத்தியோடு கலந்துவிடுங்கள். உலர்ந்து கிடப்பது சாறு கசிவதை உறிஞ்சும்.

தொழுவில் மரத்தூள் பரப்புகிறீர்களா? அப்படியென்றால் வேறு கணக்கு.

நாங்குநேரிப் புஞ்சை | ஜூன் 17

வைக்கோல்தான் அக்கா. மரத்தூள் மலிவாகக் கிடைக்கிறது, மாற்றலாமா என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சேரன்மகாதேவி நன்செய் | ஜூன் 18

மாற்ற வேண்டாம். லத்தி மட்டும் என்றால் கரிமத்துக்கும் தழைச்சத்துக்கும் உள்ள விகிதம் 25, 30 என்று, மட்குவதற்கு ஏற்ற அளவில் இயல்பாகவே இருக்கிறது. வைக்கோலுக்கு 70, 80. மரத்தூளுக்கு 300க்கு மேல். மரத்தூள் அதிகமானால் குவியல் சூடேறவே மறுக்கும், வயலில் போட்டால் பயிருக்குரிய தழைச்சத்தையும் அதுவே தின்னும். வைக்கோலும் அளவாக இருக்கட்டும். நனைந்ததை மட்டும் எடுத்துவிட்டு உலர்ந்ததைத் திரும்பப் பரப்பினால் குவியலில் வைக்கோல் மிஞ்சாது. மிஞ்சிவிட்டால் கொழிஞ்சி, எருக்கு, பூவரசந்தழை எது கிடைத்தாலும் வெட்டிப் போடுங்கள்.

மானூர்க் கரிசல் | ஜூன் 18

சுண்ணாம்பு விஷயத்தில் மாறிக்கொள்கிறேன். அந்த நெடி உரத்தின் நெடி என்று யாரும் எனக்கு இதுவரை சொன்னதில்லை. இத்தனை வருடம் தூவியிருக்கிறேன்.

பச்சை லத்தி பற்றி நான் சொன்னது நிற்கிறதா இல்லையா?

சேரன்மகாதேவி நன்செய் | ஜூன் 18

நிற்கிறது அண்ணாச்சி. நீங்கள் செய்தது வேறு, தம்பி செய்தது வேறு. நீங்கள் ஆடி ஆவணியில் வெறும் நிலத்தில் இறைத்து, உழுது, மழைக்குக் காத்திருந்து புரட்டாசி ஐப்பசியில் விதைத்தீர்கள். இடையில் இரண்டு மூன்று மாதம் மண்ணே அதை மட்கவைத்தது. முளைத்த களையும் விதைப்பு உழவில் போனது. தம்பி நின்றுகொண்டிருக்கும் கத்தரியின் வேரில் போட்டார். தண்ணீர் பாய்ச்சுகிற மண்ணில் அம்மோனியாவும் சூடும் நேரே வேரைத் தாக்கியது. சமைக்காமல் பச்சையாகத் தின்னும் கீரை, வெள்ளரிக்கு மட்டும் உங்கள் முறையும் வேண்டாம். அமெரிக்க இயற்கை வேளாண் விதிகளில் மண்ணைத் தொடும் விளைபொருளுக்குப் பச்சை எரு போட்ட நாளிலிருந்து அறுவடைக்கு 120 நாள் இடைவெளி கேட்கிறார்கள். காரணம் நோய்க்கிருமி.

செம்மண் புஞ்சையில் கறையானும் இருக்கிறது. அரைகுறையாக மட்கிய உலர்ந்த லத்தியைப் போட்டால் அது கறையானை அழைத்துவந்துவிடும். கரிசலில் உங்களுக்கு அந்தத் தொல்லை குறைவு.

மானூர்க் கரிசல் | ஜூன் 18

ஆமாம். கறையான் எங்களுக்குக் குறைவுதான். சரி.

நாங்குநேரிப் புஞ்சை | அக்டோபர் 6

நான்கு மாதமாக எழுதவில்லை. வேலை ஓடிக்கொண்டிருந்தது.

கிணற்றுக்குக் கிழக்கே, நாற்பது மீட்டர் தள்ளி, புளியமரத்து நிழலில் மேடு கட்டினேன். முதல் குவியல் ஜூன் 25இல் அடுக்கி முடித்தேன். மூன்றாம் நாள் விடியற்காலையில் கீற்று இடுக்கில் ஆவி எழும்பியது. கம்பியைப் பிடித்துவிட்டுச் சுரீரென்று கையை எடுத்தேன். பிறகு ஒரு வெப்பமானி வாங்கிவிட்டேன், நான்காம் நாள் 63 டிகிரி காட்டியது. முதல் புரட்டலில் நடுவில் மறுபடியும் கொஞ்சம் வெள்ளை இருந்தது. சரியாக மிதிக்காத இடம் அது. தண்டு இன்னும் கொத்திப் போட்டு, இரண்டு குடம் கரைசல் ஊற்றி மிதித்தேன். இரண்டாம் புரட்டலில் வெள்ளை இல்லை.

ஆடிக் காற்றில் ஓலைத் தட்டி இரண்டு முறை பறந்துவிட்டது. பனைமட்டையை ஊன்றிக் கட்டிய பிறகுதான் நின்றது.

ஈ ஒரு மாதத்தில் குறைந்தது. முழுக்க ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன், தொழுவின் வடமூலையில் மூத்திரம் தேங்கிக்கொண்டிருந்தது. அங்கே கல் பாவி வாட்டம் கொடுத்த பிறகு கடிஈயும் போய்விட்டது. சித்தி இப்போது தினமும் வந்து கத்தரிக்குத் தண்ணீர் விடுகிறார்கள். ஓணம் கழித்து அவர்கள் வீட்டு முருங்கைக்கு ஒரு கடகம் எரு கேட்டு வாங்கிப் போனார்கள்.

ராதாபுரம் அண்ணாச்சி சொன்னது போலவே மூன்றாம் புரட்டலில் வெள்ளைப் புழு பதினேழு எடுத்தேன். கோழிகள் காத்துக்கொண்டு நின்றன.

போன வாரம் முதல் குவியலைத் திறந்தேன். கறுப்பு. லத்தியின் உருண்டை ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. வைக்கோல் நார் மட்டும் அங்கங்கே விரலில் பிசைந்தால் உதிர்கிறது. மழை பெய்த புஞ்சையின் வாசம். ஒரு சட்டியில் அந்த எருவையும் இன்னொன்றில் வெறும் மண்ணையும் வைத்து வெண்டை ஊன்றிப் பார்த்தேன், இரண்டிலும் எல்லா விதையும் முளைத்தது, எருச் சட்டியில் இலை அகலம். கருவேலங்கன்று அதில் ஒன்று வந்தது. பங்குனியில் நூற்றுக்கணக்கில் வந்ததை நினைத்தால் அது ஒரு குறையே இல்லை.

இப்போது நான்கு குவியல்கள் வெவ்வேறு வயதில் நிற்கின்றன. ஐப்பசி மழை வரப்போகிறது. எல்லாவற்றுக்கும் தார்ப்பாய் போட வேண்டுமா?

களக்காட்டு வாழை | அக்டோபர் 6

படித்ததும் மனம் நிறைந்துவிட்டது தம்பி. மட்கி முடிந்த குவியலுக்குத் தார்ப்பாய் கட்டாயம், இல்லாவிட்டால் சத்து கரைந்து வாய்க்காலோடு போய்விடும். சூட்டில் இருப்பதற்குக் கீற்றைக் கூரைபோலச் சரித்து வேயுங்கள். தார்ப்பாயை இறுக்கி மூடினால் மூச்சு முட்டி நாற்றம் எடுக்கும். சுற்றிலும் ஒரு சாண் ஆழத்தில் வாய்க்கால் வெட்டிவிடுங்கள். வடிகிற கறுப்புத் தண்ணீரை வாழை மூட்டுக்குத் திருப்பிவிடலாம், கிணற்றுப் பக்கம் விடாதீர்கள்.

பாளை மாடித்தோட்டம் | அக்டோபர் 7

என் இரண்டு சாக்கு நினைவிருக்கிறதா?

நாங்குநேரிப் புஞ்சை | அக்டோபர் 7

சலித்து வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பத்து மணிக்குள் வாருங்கள், மழைக்கு முன் எடுத்துவிடலாம். சாக்கை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள். கையுறை இங்கே இருக்கிறது.